சிவப்பு மையில் ஒரு திருத்தம்

போன மாதம் நம் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் கூடிய இடத்தில், காபி வருவதற்கு முன்னாலேயே பேச்சு ஒதுக்கீட்டுப் பக்கம் போய்விட்டது. "நம்ம காலத்துல தகுதிக்குத்தான் சீட்டு. இப்ப மாதிரியா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். எல்லோரும் ஆமாம் போட்டீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும். இந்த வயதில் அதற்கெல்லாம் பயந்து என்ன ஆகப் போகிறது?

எழுபதுகளின் தொடக்கம் அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் பகல் முழுக்கப் போய்க்கொண்டிருந்தன. உப்பளத்தை ஒட்டியிருந்த ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளிக்கு என் அப்பா தலைமையாசிரியர். நாசரேத் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தோம். பள்ளிக்கூட மதிலை ஒட்டியே வீடு. ஜன்னலைத் திறந்தால் உப்புப் பாத்திகள். மத்தியானத்தில் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசி நீர் வடியும். காற்றிலேயே உப்பு. எங்கள் வீட்டில் துவைத்த துணி மொறுமொறுவென்று காய்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. கதவுக் கீல், வாளிக் கைப்பிடி எல்லாம் துருவேறிக் கையோடு வரும். அம்மா அந்த ஊரைத் திட்டாத நாள் கிடையாது.

நான் ஆறாம் வகுப்பு, அப்பாவின் பள்ளியிலேயே. என் அக்கா பதினொன்றாம் வகுப்பு. ஆனால் அவள் படித்தது டவுனில் இருந்த பெண்கள் பள்ளியில். "அங்கன லேப் இருக்கு, எல்லாப் பாடத்துக்கும் டீச்சர் இருக்காவ" என்று அம்மா காரணம் சொல்லுவாள். ஒரு தலைமையாசிரியர் தன் மூத்த மகளைத் தன் பள்ளியில் சேர்க்கவில்லை என்றால், அங்கே படித்த மற்றப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. கேட்கிற புத்தி எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

அந்த மற்றப் பிள்ளைகளில் ஒருத்தியைத்தான் நான் 'கணக்கு அக்கா' என்று கூப்பிடுவேன். அவளும் பதினொன்றாம் வகுப்பு, அப்பாவின் பள்ளியில் முதல் மாணவி. அவளுக்குத் தகப்பன் இல்லை. தாய் உப்பளத்தில் உப்பு அள்ளிய ஓலைப்பெட்டி சுமந்தாள். லீவு நாளில் மகளும் சுமப்பாள். நான் கணக்கில் படு மக்கு என்பதால், சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கும்படி அப்பா அவளிடம் கேட்டிருந்தார். அது முடிந்ததும் எங்கள் மேஜையில் உட்கார்ந்து அவள் தன் பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். அவள் வீட்டில் மேஜையும் இல்லை, கரண்டும் இல்லை.

வருவாள். குதிகாலில் உப்பு அரித்த வெடிப்புகள் இருக்கும். அவை தெரியாதபடி பாவாடைக்குள் காலை இழுத்துக்கொண்டு உட்காருவாள். ஒரு நாள் அக்கா டவுனிலிருந்து மக்ரூன் என்ற முந்திரி இனிப்பு வாங்கி வந்திருந்தாள். அதை வைத்துப் பின்னம் படிக்கலாம் என்று சொல்லி, எட்டில் ஒரு பங்கு உடைக்கச் சொன்னாள் கணக்கு அக்கா. உடைத்தேன், தூளாகிவிட்டது. "இது சரிப்படாது பாப்பா. நாளைக்கி அம்மாட்ட சொல்லி ஒரு தோசை வாங்கி வை" என்று சிரித்தாள். அந்தத் தோசையில் படித்த பின்னத்தை வைத்துத்தான் நான் பிற்காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பெயரும் வாங்கினேன்.

அக்காவும் கணக்கு அக்காவும் ஒரே ஆசைக்காரிகள். அப்போதைய எஸ்.எஸ்.எல்.சி.யான பதினொன்றாம் வகுப்பை முடித்து, ஆசிரியப் பயிற்சிக்குப் போய், டீச்சராக வேண்டும். அக்கா அதைச் சும்மா சொல்லுவாள். கணக்கு அக்கா சொல்லும்போது என் புத்தகத்தை மூடி, மேலே கை வைத்துக்கொண்டு சொல்லுவாள்.

அந்த வருஷம் எங்கள் சபையில் அசனப் பண்டிகை வந்தது. உங்களில் நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், சபையார் எல்லோரும் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிற திருநாள் அது. அதையொட்டி வசனப் போட்டி நடக்கும். ஒரு சின்னப் பிள்ளையும் ஒரு பெரிய பிள்ளையும் ஜோடியாக நின்று வேத வசனங்களை மனப்பாடமாக ஒப்புவிக்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும்தான் சேரலாம். என் அக்கா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஜோடி இல்லை.

கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கணக்கு அக்கா வாய்க்குள் கீர்த்தனை முனகுவதை நான் கவனித்திருந்தேன். "நீங்களும் சர்ச்சுக்குப் போறவியளா?" என்று கேட்டேன். அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தங்கள் காலனியில் கீற்றுக் கொட்டகையில் ஜெபக்கூட்டம் நடக்கும், எங்கள் சபைப் போதகர்தான் மாதம் ஒரு முறை வந்து போவார், பத்து வயதில் அவளுக்கும் தாய்க்கும் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார் என்றாள். "வெளிய சொல்லாத பாப்பா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "பள்ளிக்கூடத்துல வேற மாதிரி எழுதியிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது என்ன விளங்கும்? எனக்கு விளங்கியதெல்லாம் ஜோடி கிடைத்துவிட்டது என்பதுதான். நான்கு நாள் விடாமல் அரித்தேன், அழுதுகூடப் பார்த்தேன். கடைசியில் வந்தாள். போதகர் தன் பதிவேட்டைப் புரட்டி, அவள் ஞானஸ்நானப் பெயரைச் சத்தமாக வாசித்தார். அவள் ஒரு நீண்ட சங்கீதத்தை எங்கேயும் திக்காமல் ஒப்புவித்தாள். எங்களுக்குத்தான் முதல் பரிசு. பரிசு கொடுத்தவர் என் அப்பா. சந்தோஷத்தில் அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

பிறகு பந்தி போட்டார்கள். நான் கணக்கு அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். இலை போட்டுக்கொண்டு வந்த சபைப் பெரியவர் ஒருவர் குனிந்து, "நீ அங்கன காலனிக்காரவுகளோட உக்காரு தாயி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள். அப்பா கறிக்குழம்பு வாளியோடு இரண்டு இலை தள்ளித்தான் நின்றார். அதைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று அவர் சாகும்வரை நான் கேட்கவில்லை.

இப்போது ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் ஆசிரியர்கள், நமக்குத் தெரியும். இருந்தாலும் வசதியாக மறந்துவிடுகிறோம். அவள் முதல் வகுப்பில் சேரும்போது பள்ளிப் பதிவேட்டில் 'இந்து, ஆதிதிராவிடர்' என்று எழுதியிருந்தது. அந்தப் பதிவு இருந்தால்தான் அந்தச் சாதிக்கென்று ஒதுக்கிய இடம், படிப்பு உதவி, தங்கிப் படிக்க அரசாங்க விடுதி எல்லாம் உண்டு. கிறிஸ்தவராகிவிட்டால் பிற்படுத்தப்பட்டோர் வரிசைக்குப் போய்விட வேண்டும். அந்த வரிசையில்தான் எங்கள் குடும்பமும் நின்றது. தலைமையாசிரியர் மகளும் பெட்டி சுமப்பவள் மகளும் ஒரே வரிசை. அதனால் காலனியில் பாதிப் பேர் கொட்டகையில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயருமாக இருந்தார்கள். ஊருக்கே அரைகுறையாகத் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

பண்டிகை முடிந்த அடுத்த வாரம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் நிரப்பும் வேலை வந்தது. இப்போது அந்தப் புத்தகம் கிடையாது. கெட்டி அட்டை போட்டு, முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி என்று வரிசையாகக் கோடு இருக்கும். மை உலர்வதற்கு மேலே ஒற்றுத்தாளை வைத்து அழுத்துவார்கள். அப்பா பதிவேட்டைப் பார்த்து எழுதுகிற மனிதர். கணக்கு அக்கா பெயர் வந்தபோது பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் தாயையும் மகளையும் வீட்டுக்கு வரச் சொன்னார். அந்த அம்மாள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"எம்புள்ள சாமி கும்புடுதது எங்க குடிசைக்குள்ள ஐயா. அது எதுக்கு கவருமெண்டுக்கு?"

"நான் கையெழுத்துப் போடுற புத்தகம்மா அது. எனக்குத் தெரியாம இருந்தா வேற. என் கையால பரிசு குடுத்துட்டு, இந்துன்னு எப்படி எழுதுவேன்?"

"வேதத்துக்கு வந்தா சாதி போயிட்டுன்னு நீங்க எழுதிருவிய. டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸுதானே ஐயா இன்னும். அவன் எங்கள வேதக்காரின்னா பாக்கான்?" கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் வேதக்காரர்கள் என்பார்கள்.

அப்பா சொன்னார், "ஒம் மகளுக்குச் சலுகை எதுக்கும்மா? அவ வாங்குற மார்க்குக்கு யாரு அவள மறிக்க முடியும்? தலை நிமிந்து போகட்டும்."

இதை அவர் மனதாரச் சொன்னார். அது எனக்கு நிச்சயம். அவள்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. கணக்கு அக்கா தாய்க்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் உள்ளே ஓடிப் போய் அடுக்களையில் ஒளிந்துகொண்டேன்.

அன்று மாலை அப்பா பதிவேட்டில் 'இந்து' என்பதைச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'கிறிஸ்தவம்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, முத்திரை குத்தினார். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. அவர் எதையும் அலங்கோலமாகச் செய்யமாட்டார்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. கணக்கு அக்கா பள்ளியில் முதல். டவுன் பள்ளியில் படித்த என் அக்கா அவளைவிட அறுபத்திரண்டு மார்க் குறைவு. எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். கணக்கு அக்காவுக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார்கள். என் அக்காவின் மார்க்கை மட்டும் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. "நல்லா வாங்கியிருக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அரசாங்கப் பயிற்சிப் பள்ளிக்கு இரண்டு பேரும் மனுப் போட்டார்கள். அப்போது தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. பட்டியல் ஒட்டிய அன்று அப்பா பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் இல்ல" என்றார். "அந்தப் புள்ளைக்கு நாலு மார்க்குல போச்சு." காபியைத் தள்ளி வைத்துவிட்டு, "பக்கத்து வரிசைய, ஆதிதிராவிடர் பட்டியலப் பாத்தேன். அந்த வரிசையில கடைசியா எடம் கெடைச்ச புள்ள இவளவிட எவ்வளவோ கம்மி. அங்கன இருந்திருந்தா மேலயே வந்திருப்பா" என்றார். காபி ஆடை கட்டி அப்படியே கிடந்தது.

இரண்டு நாளில் அந்த அம்மாள் மறுபடி வந்தாள். பதிவைப் பழையபடி மாற்ற முடியுமா என்று கேட்டாள். புத்தகம் மேலே போய்ச் சீல் வாங்கி வந்துவிட்டது, இனி முடியாது என்றார் அப்பா.

"அப்ப சரி. வேதக்காரின்னு எழுதிட்டிய. வேதக்காரவுக பயிற்சிப் பள்ளிக்கூடம் ஒன்னு இருக்காமே, அதுல இவளுக்கு ஒரு எடம் கேட்டுக் குடுங்க ஐயா."

அவள் கேட்டது நியாயம். மிஷனுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரே ஒரு பெயரைக் கடிதம் எழுதிப் பரிந்துரைக்கலாம். அந்தப் பெயரை அவர்கள் தள்ளியதாக யாருக்கும் நினைவில்லை. அங்கேயே தங்கிப் படிக்கலாம். மார்க்கைப் பெரிதாகப் பார்க்கமாட்டார்கள். அதற்குச் சலுகை என்று பெயரில்லை. 'நம்ம பிள்ளைகளுக்கு' என்று பெயர்.

"பாப்போம்மா" என்றார் அப்பா.

அந்த 'பாப்போம்' என் காதில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் சத்தமில்லாமல் சண்டை நடந்தது. அம்மா மீன் கழுவிக்கொண்டே பேசுவாள், அப்பா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"வீட்டுல ஒரு கொமர வச்சிக்கிட்டு அடுத்தவுக புள்ளைக்கு எழுதப் போறியளா? இவ மார்க்குக்கு வேற எங்கன கெடைக்கும், சொல்லுங்க."

"அதுக்கில்ல. அந்தப் புள்ளைக்கு நான் ஒரு கெடுதல் பண்ணிட்டேன்."

"நீங்க என்ன பொய்யா எழுதுனிய? உள்ளத எழுதுனிய. இவ உப்பளத்துல போயி நிப்பாளா? அந்தப் புள்ளைக்குன்னா அது பழக்கந்தான்."

அம்மாவை நீங்கள் கெட்டவள் என்று நினைக்க வேண்டாம். பாயசத்தில் பங்கு கொடுத்தவளும் அவள்தான். ஆனால் 'பழக்கந்தான்' என்ற அந்தச் சொல்லை அவள் எவ்வளவு லேசாகச் சொன்னாள்.

அப்பா கடிதம் எழுதினார். தபால்தலையை நாக்கில் தொட்டு ஒட்டியது நான். உறைக்குள் போவதற்கு முன் பெயரைப் பார்த்தேன். என் அக்காவின் பெயர். எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், நான் குதித்துக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

அக்கா புறப்படுகிற அன்று காலையில் கணக்கு அக்கா வந்தாள். அப்பாவிடம் இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். அக்காவுக்குச் சேலை கட்டத் தெரியாது. பயிற்சிப் பள்ளியில் சேலைதான் கட்ட வேண்டும். கொசுவம் நிற்காமல் அழுகிற நிலையில் இருந்தாள். கணக்கு அக்கா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவிவிட்டு, "நடுவுல ஒரு ஊக்கு குத்திக்கோ. போர்டுல கை தூக்கி எழுதும்போது அவிழாது" என்றாள். போர்டில் எழுதுவதையெல்லாம் அவள் யோசித்து வைத்திருந்திருக்கிறாள். அப்பா முன்னறைக்கு வரவே இல்லை.

அதன் பிறகு எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க அவள் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வரப்பில் பெட்டியோடு போகிற பெண்களில் அவள் யார் என்று அடையாளம் தெரியாது. கண் கூசும். நானும் ரொம்ப நேரம் பார்த்ததில்லை. ஐந்து வருஷம் கழித்து அதே மாதிரி ஒரு கடிதம் எனக்காகவும் போனது. என் மார்க் அக்காவின் மார்க்கைவிடவும் மட்டம். முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன், நல்லாசிரியர் என்று சால்வை போட்டார்கள். நீ எந்த வழியாக வந்தாய் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் எங்கள் ஆசிரியர் அறைக்கு ஒரு பெண் ஒதுக்கீட்டில் வந்து சேர்ந்தபோது, அவள் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் 'கோட்டா' என்ற சொல் மேஜையைச் சுற்றி வந்துவிட்டது. அன்றைக்கும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக உட்கார்ந்திருந்தேன். முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க வந்தவர்கள் எதிர்ப் பெஞ்சில் இருந்தார்கள். அதில் ஒருத்தி என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, "ஹெட்மாஸ்டர் ஐயா வீட்டுப் பாப்பாதான?" என்றாள். கண்ணாடி போட்டிருந்தாள், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. எனக்குக் குரலில்தான் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார வைத்தேன். மகள் நர்ஸாக இருக்கிறாள் என்றாள். "சர்ட்டிபிகேட்டுல இந்துதான். அதுக்காவ அவள ஒரு ஜெபக் கூட்டத்துக்கும் நான் கூட்டிட்டுப் போவல, யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு." அப்பா காலமான செய்தியைச் சொன்னேன். "ஐயா நல்லவுக. பொய் எழுத மாட்டாவ" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னு கேக்கட்டுமா? சண்டைக்கு இல்ல" என்றாள். "ஒங்க அக்காவுக்கு அன்னைக்கு எத்தன மார்க்கு? ஐயா அந்தக் கடுதாசிய ஒங்க அக்காவுக்கு எழுதிட்டாவன்னு கேட்டப்ப, என்னைவிடக் கூட வாங்கியிருப்பா, அதான் எழுதியிருக்காவன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இத்தன வருசமும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வாரேன். அது சரிதானான்னு தெரிஞ்சாப் போதும்."

அறுபத்திரண்டு. அது என் தொண்டை வரைக்கும் வந்தது.

"ஆமாக்கா" என்றேன். "கூடத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். முகம் தெளிந்துவிட்டது. என் கையை இரண்டு தடவை தட்டிக் கொடுத்தாள்.

"அப்ப சரி பாப்பா. ஐயா நியாயமாத்தான் செஞ்சிருக்காவ."